டேப்பட் சத்தம் கேட்டதும் ராக்கரை மாற்றச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வாகனப் பக்கத்தில் ஒரு வாசகர், இன்ஜினின் மேல்பக்கத்திலிருந்து 'டிக் டிக்' என்று விடாமல் சத்தம் வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். டேப்பட் சத்தம்தான் (வால்வைத் திறக்கும் சாமான்கள் ஒன்றோடொன்று தட்டுவது), ராக்கர் ஆர்ம் (வால்வை அமுக்கித் திறக்கும் குட்டி நெம்புகோல்) தேய்ந்திருக்கும், புதிது மாற்றினால் சரியாகிவிடும் என்று இரண்டு வரியில் பதில் போட்டிருந்தீர்கள். எந்த வண்டி, பெட்ரோலா டீசலா, ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வருகிற சத்தமா, எந்நேரமும் வருகிறதா, எதுவும் கேட்கவில்லை. நான் ஹெட் வேலை, அதாவது சிலிண்டர்களுக்கு மேலே வால்வுகள் உட்கார்ந்திருக்கும் பகுதியின் வேலை, பார்க்கிறவன். லாரியோ ஜெனரேட்டரோ காரோ, என் மேஜைக்கு வருவது இன்ஜினின் மேல்பாதிதான். யாரோ சொன்னார்கள் என்று ராக்கரை மட்டும் மாற்றிவிட்டு, அந்தப் புது ராக்கரும் அதே இடத்தில் அதே மாதிரி தேய்ந்து திரும்பி வருவதை அடிக்கடி பார்க்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், பதிலோடு நீங்கள் போட்டிருந்த படத்தைப் பற்றி. ராக்கரை சீசா பலகை போல, நடுவில் தாங்கல் வைத்து, இரண்டு பக்கமும் சம நீளமாக வரைந்திருந்தீர்கள். சீசா என்பது சரி. சம நீளம் என்பதுதான் இடிக்கிறது. பெரும்பாலான ராக்கர்களில் வால்வு பக்கத்துக் கை நீளமாகவும், புஷ் ராடு (கீழிருந்து ராக்கரைத் தள்ளும் கம்பி) பக்கத்துக் கை குட்டையாகவும் இருக்கும். கேம் லோப், அதாவது கேம் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டில் உள்ள மேடு, 6 மி.மீ. தூக்கினால், 1.5 விகிதமுள்ள (ஒரு கை மற்றதைவிட ஒன்றரை மடங்கு நீளமான) ராக்கர் வால்வை 9 மி.மீ. அமுக்கும். கேமைச் சின்னதாக வைத்துக்கொண்டே வால்வை நன்றாகத் திறக்க இதுதான் வழி. 1955இல் வந்த செவ்ரோலே வி8 இன்ஜினில் இந்த 1.5 விகிதம்தான். அதில் ராக்கர்களைக் கோத்து வைக்கும் ராக்கர் ஷாஃப்ட் என்ற தண்டே கிடையாது. அச்சில் அழுத்தி எடுத்த எஃகுத் தகடு, உள்ளே ஒரு அரை உருண்டை, எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டட் (தலையில்லாத போல்ட்), ஒரு நட், அவ்வளவுதான். வேலை தெரிந்தவன் யோசித்த டிசைன் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

விகிதத்தை இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. ஒரே குடும்பத்து இன்ஜின்களில் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் ராக்கர்கள் வேறு வேறு விகிதத்தில் வருவதுண்டு. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது ஸ்டட்டில் ஒழுங்காக உட்காரும், நட்டும் ஏறும். ஆனால் வால்வு கூடுதலாக இறங்கும். ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடு ஒன்று முட்டும், அல்லது வால்வு பிஸ்டன் தலையில் போய் இடிக்கும். ஆகவே பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒன்றாகத்தான் இருந்தது என்பது போதாது. பார்ட் நம்பர் பொருந்த வேண்டும்.

அடுத்தது, எல்லா இன்ஜினுக்கும் ராக்கர் இருக்கிறதா? இல்லை. கேம் ஷாஃப்ட் கீழே, சிலிண்டர்கள் உள்ள பிளாக்கில் இருந்தால் கேம், டேப்பட் (கேமின்மேல் உட்கார்ந்து ஏறி இறங்கும் உருளை), புஷ் ராடு, ராக்கர், வால்வு என்று வரிசையாகப் போகும். கேம் மேலே ஹெட்டில் இருந்தால் புஷ் ராடு கிடையாது. கேமே ராக்கரை நேராகத் தள்ளும். இன்னொரு வகையில் ராக்கரின் ஒரு முனை, ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் அட்ஜஸ்டரில் உட்கார்ந்திருக்கும், மறுமுனை வால்வில், நடுவிலே ஒரு ரோலர். கேம் அந்த ரோலரை அமுக்கும். இதை ஃபிங்கர் ஃபாலோயர் என்பார்கள். இன்றைய பல கார்களில் இருப்பது இதுதான். நான்காவதாக, வால்வின் தலையிலேயே கிண்ணம் கவிழ்த்தாற்போல பக்கெட் டேப்பட் இருக்க, கேம் அதன்மேல் நேராக ஓடும் இன்ஜின். அதில் ராக்கரே இல்லை. உங்களிடம் கேட்ட வாசகரின் வண்டி இந்தக் கடைசி வகை என்றால், இல்லாத சாமானை அல்லவா மாற்றச் சொல்லியிருக்கிறீர்கள்?

இப்போது சத்தத்துக்கு வருவோம். பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டான க்ராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான் சுற்றும். ஐட்லிங்கில் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுகிறது என்றால், ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 தடவை, அதாவது வினாடிக்கு ஆறேழு தடவை திறந்து மூடும். ஒரு டேப்பட்டின் சத்தம் அந்தத் தாளத்தில்தான் வரும். வினாடிக்குப் பதின்மூன்று தடவை தட்டினால் அது க்ராங்க்கின் வேகம். கீழே பேரிங் பக்கம் பார்க்க வேண்டும். ஆனால் தாளம் மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் தட்டும். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு குழாயின் கேஸ்கட் லேசாக விட்டிருந்தாலும் அச்சு அசலாக டேப்பட் போலவே கேட்கும். இன்ஜின் சூடாகி இரும்பு விரிந்ததும் அடங்கிவிடும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஹெட் கவரிலும், பிறகு இன்ஜெக்டர் பக்கத்திலும் வைத்து, கைப்பிடியில் காதை ஒட்டிக் கேட்டால் பாதிச் சந்தேகம் தீரும். பெல்ட், ஃபேன் பக்கம் தலையைக் கொண்டுபோகாமல் இருந்தால் சரி.

ஹைட்ராலிக் லிஃப்டர் (ஆயில் அழுத்தத்தால் இடைவெளியை நிரப்பும் டேப்பட்) உள்ள இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் சில வினாடி தட்டிவிட்டு அடங்கினால், ரொம்ப நேரம் நின்றதில் லிஃப்டரிலிருந்து ஆயில் இறங்கியிருக்கிறது என்று பொருள். அதற்கு ராக்கரைக் கழற்ற வேண்டாம். அடங்காவிட்டால் முதலில் ஆயில் அளவு, அடுத்து ஆயிலின் வயது, அதன் தடிமன். டிப் ஸ்டிக்கை இழுத்துக்கூடப் பார்க்காமல் ஹெட் கவரைத் திறக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வரும்.

ஸ்க்ரூ வைத்து அட்ஜஸ்ட் செய்கிற இன்ஜின்களில் ராக்கருக்கும் வால்வின் தண்டான ஸ்டெம்முக்கும் நடுவில் ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள். சூட்டில் வால்வு நீளும், அதற்கு இடம் வேண்டும். கார் இன்ஜின்களில் காற்று உள்ளே வரும் இன்லெட் வால்வுக்கு 0.20 மி.மீ. பக்கமும், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடாகும், ஆகவே அதிகம் நீளும். சின்ன பைக் இன்ஜின்களில் 0.05 மி.மீ. அளவுக்குக்கூட இருக்கும். சரியான எண் அந்த இன்ஜினின் மேனுவலில்தான் இருக்கிறது, யார் வாயிலும் இல்லை.

இந்த இடைவெளி கூடினால் சத்தம் வரும், வால்வு தாமதமாகத் திறக்கும், குறைவாகத் திறக்கும். இடைவெளி குறைந்தால் சத்தமே வராது. ஆபத்து அங்கேதான். வால்வு மூடும்போது உட்காரும் வளையமான சீட் தேயத் தேய வால்வு மேலே ஏறி, இடைவெளி தானாகச் சுருங்கிக்கொண்டே போகும். கடைசியில் சூட்டில் வால்வு முழுக்க மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியைச் சீட்டில் உட்காரும்போதுதான் ஹெட்டுக்கு இறக்கி வைக்கிறது. உட்காராத வால்வு கருகி, விளிம்பு ஒரு பக்கம் தின்றுபோய் வெளியே வரும். கஸ்டமரோ, இன்ஜின் முன்னைவிட அமைதியாக ஓடுகிறது என்று சந்தோஷமாக இருந்திருப்பார். சத்தம் பிடிக்கவில்லை என்று டேப்பட்டைக் கொஞ்சம் இறுக்கிவிடச் சொல்கிறவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை.

சரி, இடைவெளியை மேனுவல்படி வைத்தாயிற்று, சத்தம் மட்டும் போகவில்லை. இது ஏன் என்று பலர் குழம்புவார்கள். ராக்கரைக் கழற்றி, வால்வை அமுக்கும் அதன் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஸ்டெம் பட்டுப் பட்டு அங்கே சின்னதாக ஒரு குழி விழுந்திருக்கும், நகத்தால் தடவினால் ஓரம் தட்டுப்படும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தட்டையான தகடு. அது குழிக்குள் இறங்காது, குழியின் இரண்டு கரையிலும் பாலமாக நிற்கும். கேஜ் 0.20 என்று சொல்லும்போது உண்மையான இடைவெளி 0.20-உம் அந்தக் குழியின் ஆழமும் சேர்ந்தது. இந்த ராக்கரைத்தான் மாற்ற வேண்டும். ஸ்க்ரூவை இன்னும் திருகி அமைதியாக்குவது வைத்தியம் இல்லை.

ஆனால் மாற்றும் முன் ஒரு கேள்வி: எட்டு ராக்கரில் இது மட்டும் ஏன் தேய்ந்தது? என் அனுபவத்தில் பெரும்பாலும் பதில் ஆயில்தான். சில இன்ஜின்களில் ஆயில் குழாய் போன்ற புஷ் ராடுக்குள் ஏறி ராக்கரில் கொட்டும். ஷாஃப்ட் வகைகளில் ஷாஃப்டே உள்ளே வெற்றாக இருக்கும்; அதிலுள்ள சின்னச் சின்னத் துளைகள் வழியே ஒவ்வொரு ராக்கருக்கும் ஆயில் போகும். அந்தத் துளை கரி பிடித்து அடைத்தால் அந்த ஒரு ராக்கர் மட்டும் வறண்டு ஓடும். ஷாஃப்டை இழுத்துப் பார்த்தால் அந்த ராக்கர் இருந்த இடத்தில், கீழ்ப்பாதி மட்டும் தேய்ந்து படி விழுந்திருக்கும். சுமை ராக்கரை மேலே தள்ள, ஷாஃப்டின் கீழ்ப்புறந்தான் அழுத்தம் வாங்குகிறது. பல இன்ஜின்களில் அதனால்தான் அந்த ஆயில் துளைகளைக் கீழ்நோக்கி வைக்கிறார்கள். மாட்டும்போது ஷாஃப்டைத் தலைகீழாகப் போட்டுவிட்டால் ஆயில் மேலே வழியும், அழுத்தம் விழும் இடம் காயும். ஷாஃப்டின் முனையில் ஒரு வெட்டோ புள்ளியோ கொடுத்திருப்பது அதற்காகத்தான்.

படி விழுந்த ஷாஃப்டில் புது ராக்கரைப் போட்டால் காசும் நேரமும் வீண். அதேபோல கேம் நேராக ராக்கரைத் தள்ளும் இன்ஜினில் கேம் லோப் குழிகுழியாக உரிந்திருந்தால் அது அரம் போல வேலை செய்து புது ராக்கரையும் தின்றுவிடும். ராக்கர் முறிந்தே வந்தால் இன்னும் உஷார். சில இன்ஜின்களில் கேமைச் சுற்றவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்து பிஸ்டன் வால்வை இடிக்கும்போது முதலில் உடைவது ராக்கர்தான். உடைந்ததை மாற்றிக் கவரை மூடிவிட்டால், வளைந்த வால்வு உள்ளே அப்படியே இருக்கும். கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பார்க்காமல் வண்டியை ஒப்படைக்கக் கூடாது.

மாற்றும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஷாஃப்ட் வகையை வைத்தே சொல்கிறேன், பழைய டீசல்களில் அதுதான் அதிகம். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். ஹெட் கவரைத் திறக்கும் முன் அதைச் சுற்றியுள்ள மண்ணையும் பிசுக்கையும் துடைத்துவிடுங்கள். உள்ளே விழும் ஒரு சிட்டிகை மணல் பேரிங் வரை போகும். திறந்ததும் ஆயில் கீழே இறங்கும் ஓட்டைகளைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். கை தவறி ஒரு வாஷர் அதில் விழுந்தால் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப் வரைக்கும் கழற்ற நேரிடும்.

முதல் சிலிண்டரின் பிஸ்டனை கம்ப்ரெஷனில் டாப் டெட் சென்டருக்கு, அதாவது அது ஏறக்கூடிய உச்சிக்கு, கொண்டுவாருங்கள். அட்ஜஸ்டிங் ஸ்க்ரூக்களின் லாக் நட்டைத் தளர்த்தி, எல்லா ஸ்க்ரூவையும் பின்னுக்கு வாங்கிவிடுங்கள். எப்படியும் ஏதோ ஒரு வால்வு திறந்தேதான் இருக்கும், அதன் ஸ்பிரிங் ஷாஃப்டை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். அதனால் ஒரு போல்ட்டை முழுக்கக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். ஒவ்வொன்றிலும் அரைச் சுற்று, பொதுவாக இரண்டு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. அவசரப்பட்டால் ஷாஃப்ட் வளையும், இல்லையென்றால் தாங்கி விரிசல் விடும்.

கழற்றியவை ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. ஒவ்வொரு ராக்கரும் தன் வால்வோடும் தன் புஷ் ராடோடும் தேய்ந்து பழகியிருக்கும். அட்டைப் பெட்டியில் வரிசையாக ஓட்டை போட்டு நம்பர் எழுதிக் குத்தி வைப்பேன். எவ்வளவு பெரிய கருவி வந்தாலும் இதற்கு ஈடில்லை. புஷ் ராடை வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஆயில் ஒட்டி டேப்பட்டும் சேர்ந்து மேலே வரப் பார்க்கும். லேசாகத் திருகிவிட்டு எடுங்கள். எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் உருட்டுங்கள். வளைவு இருந்தால் தடதடத்துக் காட்டிக்கொடுக்கும்.

ஷாஃப்டின் இரு முனை அடைப்பையும் எடுக்க முடிந்தால் எடுத்து, உள்ளே பிரஷ் விட்டுக் கழுவி, ஒவ்வொரு துளையிலும் காற்று வருகிறதா என்று பாருங்கள். புது ராக்கரின் ஆயில் துளையையும் பாருங்கள். தயாரிப்பில் நின்ற சிராய் அடைத்துக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். உரசும் எல்லா இடத்திலும் அசெம்பிளி லூப்ரிகன்ட் தடவுங்கள், இல்லாவிட்டால் புது இன்ஜின் ஆயிலாவது. ஸ்பிரிங், வாஷர் கழற்றிய வரிசையிலேயே வர வேண்டும். புஷ் ராடின் கீழ்முனை டேப்பட்டின் குழியில் உட்கார்ந்ததா என்று விரலால் அசைத்து உறுதிசெய்துவிட்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள்.

ஃபிங்கர் ஃபாலோயர் வகையில் இவ்வளவு சுலபம் இல்லை. சிலவற்றில் ஸ்பிரிங்கை அமுக்கும் தனிக் கருவி கொண்டு ராக்கரை உருவலாம், பலவற்றில் கேமையே எடுக்க வேண்டும். டைமிங்கை லாக் செய்யும் கருவி கையில் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள். அட்ஜஸ்டர் விரலால் அமுக்கும்போது பஞ்சாக அமுங்கினால் அதையும் மாற்ற வேண்டும். ராக்கர் இடம் நழுவி விழுந்ததற்கு அந்த அட்ஜஸ்டரே காரணமாக இருந்திருக்கலாம்.

இனி இடைவெளி. நான்கு சிலிண்டர், எரியும் வரிசை 1-3-4-2 என்றால், 4ஆம் சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூட ஒன்று திறக்க ஆடும் நேரத்தில் 1ஐ செட் செய்ய வேண்டும். 1 ஆடும்போது 4ஐ. அதேபோல 2க்கும் 3க்கும். கேஜ் லேசாகப் பிடித்துக்கொண்டு நழுவ வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே கொஞ்சம் திரும்பிவிடும். ஆகையால் இறுக்கியபின் மறுபடி கேஜை விட்டுப் பாருங்கள். பாதிப் பேர் இந்த மறுபடியைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஸ்டெம்மின் தலையில் மார்க்கர் மை தடவி க்ராங்க்கை இரண்டு சுற்று சுற்றினால் ராக்கர் எங்கே உரசுகிறது என்றும் தெரியும். உரசல் ஓரமாக இருந்தால் வால்வைப் பக்கவாட்டில் தள்ளி, ஸ்டெம் ஏறி இறங்கும் குழாயான கைடைத் தேய்க்கும்.

உடனே சாவியைத் திருப்ப வேண்டாம். க்ராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். எங்கேயாவது முட்டினால் நிறுத்துங்கள், பலம் கொடுக்காதீர்கள். ஹைட்ராலிக் லிஃப்டர் என்றால் மாட்டியபின் அது அமுங்கி ஒரு நிலைக்கு வரக் கொஞ்ச நேரம் விட வேண்டும்; அதற்குள் சுற்றினால் வால்வு கூடுதலாகத் திறந்து நிற்கும். ஓட்டைகளை அடைத்த துணிகளை எடுத்துவிட்டீர்களா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, புது கேஸ்கட் போட்டுக் கவரை மூடுங்கள். பேட்டரியை மாட்டி, எரிபொருளை நிறுத்தி வைத்துவிட்டு ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றி, ஆயில் பிரஷர் வந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

மெதுவான இன்ஜின்களில் கவரை மூடும் முன் சற்று நேரம் ஐட்லிங்கில் ஓடவிட்டு, எல்லா ராக்கரின் தலையிலும் ஆயில் கசிந்து வழிகிறதா என்று நான் பார்ப்பதுண்டு. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தெறிக்கும். ஒன்று மட்டும் காய்ந்திருந்தால் உடனே நிறுத்தி அதன் வழியைத் தேடுங்கள். கொஞ்ச நாள் ஓடியபின், ஆறிய இன்ஜினில் இடைவெளியை ஒருமுறை திரும்பப் பார்த்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பழைய ஃபில்டரை அறுத்து உள்தாளை விரித்துப் பாருங்கள். முதல் தடவை மினுமினுப்பாக ஏதாவது இருந்தால் பழைய தேய்மானத்தின் மிச்சமாக இருக்கலாம். அடுத்த ஃபில்டரிலும் அதே மினுமினுப்பு தெரிந்தால், கேமைப் பார்க்க இன்ஜினை மறுபடி திறக்க வேண்டியதுதான்.

இப்படிக்கு,
ஹெட் வேலை பார்க்கும் உங்கள் வாசகர் ஒருவர்